நீர்க் கணக்கும் ஊர்க் கணக்கும்

தில்லி மாநகரில் யமுனையாற்றின் குறுக்கே, 1866-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய இருப்புப்பாதைப் பாலம் ஒன்று உளது. அதனருகே ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் நாட்டப்பட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் அவ்வளவுகோலில் நீர் 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவாகக் குறிக்கப்பட்டுள்ள 205.33 மீட்டரை அது மூன்று மீட்டருக்கும் மேலாகக் கடந்துவிட்டது. அதற்கு முன் பதிவான உச்ச அளவு 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்ட 207.49 மீட்டரேயாம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த உச்சத்தையும் யமுனை ஏறக்குறைய நான்கடி விஞ்சியது.

இவ்விரு வெள்ளங்களையும் ஒப்பிட்டுக் கூற முடிந்ததே, அது எவ்வாறு முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அளக்கும் இடம் மாறவில்லை. எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்ற அடிப்படையும் அறியப்பட்டதாக இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஒருவர் தவறாது அளவைப் படித்து எழுதி வந்தார். எழுதியது காணாமற்போகவில்லை. இந்தியாவில் வெள்ள முன்னறிவிப்புப் பணி 1958-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியதும் இப்பாலத்தருகேதான். ஓர் எண்ணுக்குப் பொருளுண்டாவது, அதற்கு முன்னே நிற்கும் பழைய எண்களாலேயே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், நாட்டின் நீர்க் கணக்கு இன்று படும் பாடு எளிதில் விளங்கும்.

நீரை அளப்பதில் இந்தியா பின்தங்கிய நாடு அன்று. வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு, நாடு விடுதலை பெறுவதற்கு ஈராண்டுகட்கு முன், 1945-இல் ஏற்பட்டது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1970-இல் உருப்பெற்று, 1972-இல் புவியியல் ஆய்வுத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. இவையன்றி மாநிலந்தோறும் நீர்ப்பாசனம், வருவாய், விவசாயம், குடிநீர் என்று பல இலாகாக்கள் தத்தம் தேவைக்கேற்ப அளந்து வருகின்றன. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் நீர் என்பது மாநிலப் பட்டியலின் 17-ஆம் இனம். பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை முறைப்படுத்துதல் மத்தியப் பட்டியலின் 56-ஆம் இனம். எனவே கணக்கு வைப்போர் பலராயிருத்தல் இயற்கையே. ஒரே வட்டத்தில் ஒரே நாளில் பெய்த மழை, ஓர் இலாகாவின் ஏட்டில் ஓர் அளவாகவும் மற்றோர் இலாகாவின் ஏட்டில் வேறோர் அளவாகவும் இருப்பதைக் கள ஊழியர் யாவரும் அறிவர். இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். மழைமானிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. இடம் எது என்று ஏட்டில் குறிக்கப்படாதபோதுதான் மெய் இரண்டும் சேர்ந்து பொய்யாகிவிடுகின்றன.

சிதறிக்கிடக்கும் இக்கணக்குகளை ஒருமுகப்படுத்தும் முயற்சி புதிதன்று. 1995-ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு தீபகற்ப இந்தியாவின் மாநிலங்களில் நீரியல் திட்டம் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2006 முதல் 2014 வரை நடந்தது. 2016-இல் தேசிய நீரியல் திட்டம் என்ற பெயரில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. இடையே 2010-இல் மத்திய நீர் ஆணையமும் விண்வெளி ஆய்வு நிறுவனமும் கூடி, நாட்டின் நீர்வளத் தகவல்களைக் காட்டும் இணையதளம் ஒன்றை அமைத்தன. 2018-இல் தேசிய நீர்த் தகவல் மையம் நிறுவப்பட்டது. கணிப்பொறியின் முன் அமர்ந்து, எத்தனையோ ஆறுகளின் நீரோட்டத்தையும் கிணறுகளின் மட்டத்தையும் இன்று ஒருவர் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன்னர், மற்றோர் இலாகாவிடமிருந்து ஒரு மாவட்டத்தின் மழைக் கணக்கைப் பெறுவதற்கே கடிதத்தின்மேல் கடிதம் எழுத வேண்டியிருந்ததை நினைத்தால், இது சிறிய முன்னேற்றமன்று.

ஆயினும், எண்களைச் சேர்த்தல் வேறு. எண்களை அறிதல் வேறு.

கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீர் வாரியத்தார் தம் நோக்குக் கிணறுகளை ஆண்டில் நான்கு முறை அளக்கின்றனர்: ஜனவரியில் ஒன்று, கோடையில் மழைக்கு முன் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. நாடா கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் குறிக்கப்பட்ட புள்ளியிலிருந்து இறங்குகிறது. கிடைக்கும் ஆழத்திலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்தால், தரைமட்டத்திற்குக் கீழ் நீர் எத்தனை மீட்டரில் உள்ளது என்பது புலப்படும். இனி, கிணற்றுக்கு உரியவர் பழைய சுவரை இடித்துவிட்டு, குழந்தைகள் விழாதிருக்கும் பொருட்டு இரண்டடி உயர்த்திக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளக்க வந்த ஊழியர் புதிய சுவரிலிருந்து அளந்து, பழைய உயரத்தையே கழிக்கிறார். அவ்வளவில் அவ்வூரின் நீர்மட்டம் இரண்டடி தாழ்ந்துவிட்டதாகத் தலைநகரில் வரைபடம் காட்டும்! எந்தக் கணிப்பொறியும் இப்பிழையைத் தானே கண்டுகொள்ளாது. ஏட்டின் ஓரத்தில் "சுவர் உயர்த்தப்பட்டது" என்று எழுதப்படும் இரு சொற்களே அதனைக் காட்டும். அவ்விரு சொற்கள் எண்ணோடு கூடவே பயணம் செய்ய வேண்டும். இன்றைய அட்டவணைகளில் பெரும்பாலும் எண் போகிறது. சொல் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது.

மழைக் கணக்கிலும் இத்தகைய பொறிகள் பல உள. மழைமானி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. ஐந்தாந்தேதி காலையில் அளந்த நீர், நான்காந்தேதி காலை முதல் பெய்த மழையாகும். அதனை ஐந்தாந்தேதிக் கணக்கில் எழுதுவது வழக்கம். ஒருவர் வழக்கப்படி ஐந்தென்று எழுத, வேறோர் இலாகாவினர் பெய்த நாளை எண்ணி நான்கென்று எழுதினால், இரண்டு ஏடுகளையும் இணைக்கும்போது ஒரே மழை இரு நாள்களில் பெய்ததாகிவிடும். வெள்ளம் எப்போது வந்து சேரும் என்று கணக்கிடுபவருக்கு ஒரு நாள் என்பது உயிர் காக்கும் அவகாசம்.

இதைவிடக் கொடியது வெற்றிடம். மழை பெய்யாத நாளில் சுழி இட வேண்டும். அளக்காத நாளில், அளக்கவில்லை என்று எழுத வேண்டும். ஊழியர் விடுப்பில் இருந்த வாரத்தைப் பின்னர் ஒருவர் சுழிகளால் நிரப்பிவிட்டால், அவ்வாரம் வறண்ட வாரமாக நிலைத்துவிடும். அறியாமையை அறியாமையென்றே எழுதி வைப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவை மேலதிகாரிகள் தண்டிக்காதிருக்கவும் வேண்டும். காலியாய் விட்ட கட்டத்திற்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பும் அலுவலகம், பொய்ச் சுழிகளைத் தன் கையாலேயே பயிரிடுகிறது எனலாம்.

ஊர்ப்பெயர்களின் குழப்பத்தை விரிக்க வேண்டுவதில்லை. வடநாட்டில் ராம்பூர்கள் எத்தனை, தமிழகத்தில் புதூர்கள் எத்தனை! ஊராட்சிகளுக்கும் ஊர்களுக்கும் மத்திய அரசாங்கம் எண்குறி வழங்கியுள்ளது. எல்லா இலாகாக்களும் அதனையே தம் ஏடுகளில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். கன அடியா கன மீட்டரா, அடியா மீட்டரா என்பதும் அவ்வாறே. ஒரு கன மீட்டர் 35.31 கன அடி என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிடுவான்; ஆனால் ஏட்டில் அலகு எழுதப்படவில்லையெனில் பேராசிரியராலும் முடியாது.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டால் இவையெல்லாம் தீரும் என்று நம்புவோர் பலர். கருவிகள் வேண்டுவனவே. ஆனால் தலைமைத் தணிக்கையாளரின் 2017-ஆம் ஆண்டு அறிக்கையை அவர்கள் ஒருமுறை படிப்பது நன்று. வெள்ளத்தை அறிவிப்பதற்காக நிறுவப்பெற்று, தொலைவிலிருந்து தாமே செய்தி அனுப்ப வேண்டிய 375 நிலையங்களுள் 222 இயங்காதிருந்தன என்று அவ்வறிக்கை கூறிற்று. கருவி திருடு போனதும் பழுதுற்றதும் காரணங்களாம். அக்காலத்தில் அளவுகோலைக் கண்ணால் பார்த்துப் படித்த மனிதர்களைக் கொண்டே பணி நடந்தது. கருவிக்கு அடுத்து நின்று அதனைக் காக்கும் ஒருவர் ஊரில் இல்லாதபோது, கருவி ஒரு கம்பம் மட்டுமே.

ஊரிலிருந்து போகும் எண், தலைநகரில் என்ன ஆகிறது என்பதையும் காண வேண்டும். நிலத்தடி நீரின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு எடுக்கப்பட்டது. கேட்பதற்கு ஆறுதலான எண்! ஆனால் அதே மதிப்பீட்டில் பஞ்சாபின் அளவு 160 விழுக்காட்டைத் தாண்டிற்று. அதாவது, ஆண்டில் ஊறுவதைவிடப் பெரும் பங்கு கூடுதலாக இறைக்கப்பட்டது. மதிப்பிட்ட 7089 வட்டாரங்களில் 1006 வட்டாரங்கள் மிகை நுகர்வுக்கு உட்பட்டவை என்று கண்டனர். நாட்டின் சராசரி ஆழம் முழங்கால் அளவே என்று ஆற்றில் இறங்கியவன் கதை போன்றது, சராசரியை நம்பும் திட்டம்.

இம்மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். விவசாயிகள் இறைக்கும் நீரை எவரும் கிணறுதோறும் அளப்பதில்லை, அது இயலாது. எத்தனை கிணறுகள் உள, ஒரு கிணறு ஒரு பருவத்தில் எவ்வளவு இறைக்கும் என்ற இரண்டையும் பெருக்கியே பெரும்பாலும் கணக்கிடுகின்றனர். கிணறுகளின் எண்ணிக்கை, சிறு நீர்ப்பாசனக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. முதற் கணக்கெடுப்பு 1986-87-ஆம் ஆண்டுக்குரியது. ஆறாவது கணக்கெடுப்பு 2017-18-ஆம் ஆண்டைக் குறித்தது. அதில் 2 கோடியே 31 லட்சம் பாசன அமைப்புகள் காணப்பட்டன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கும் மேற்பட்டவை நிலத்தடி நீரை எடுப்பவை. அதனோடு முதன்முறையாக நாட்டின் நீர்நிலைகளையும் எண்ணி, 24,24,540 என்று கண்டனர். பெரும் பணி, ஐயமில்லை. ஆனால் அறிக்கை வெளிவந்தது 2023-இல். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அவ்விடைவெளியில் எத்தனை குழாய்க்கிணறுகள் புதிதாக இறங்கின, எத்தனை வறண்டு கைவிடப்பட்டன என்பதைக் கணக்கெடுத்த ஊருக்கே சென்று கேட்டால், அரை மணியில் சொல்லிவிடுவார்கள்.

இங்கேதான் குறைபாட்டின் வேர் இருக்கிறது. கணக்கு ஒரு திசையிலேயே செல்கிறது. ஊரிலிருந்து வட்டாரத்திற்கும், வட்டாரத்திலிருந்து மாவட்டத்திற்கும், அங்கிருந்து தலைநகருக்கும் போகிறது, திரும்பி வருவதில்லை. அளந்தவர் தம் எண் சரியா தவறா என்று அறியார். கிணற்றுக்கு உரியவர், தம் கிணற்றின் இருபதாண்டு வரலாறு ஓரிடத்தில் இருப்பதையே அறியார். திரும்பி வராத கணக்கைச் செம்மையாக எழுத எவருக்குத்தான் ஊக்கம் இருக்கும்? இணையதளத்தில் எல்லாம் வெளியிடப்பட்டிருக்கிறதே என்று கூறுவது விடையாகாது. அங்கே உள்ள மொழி ஊரார் மொழியன்று. 'மிகை நுகர்வு வட்டாரம்' என்றும் 'நீர்ச்செறிவூட்டல்' என்றும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிட்டதாலும் அது ஊரார் மொழியாகிவிடாது. சென்ற தை மாதத்தில் எத்தனை அடியில் இருந்த நீர் இந்தத் தையில் எத்தனை அடிக்குப் போயிற்று என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

திரும்பக் கொடுத்தால் பயனுண்டா என்று ஐயுறுவோர்க்கு, அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஒரு முயற்சியைக் காட்டலாம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு, அனந்தப்பூர், நல்கொண்டா, மகபூப்நகர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், விவசாயிகளே நிலத்தடி நீரைக் கணக்கிடும் திட்டம் நடந்தது. அங்கே மழைமானியைப் படித்தவர்களும் விவசாயிகள். கிணற்றில் நாடாவை இறக்கியவர்களும் விவசாயிகள். எண்களை ஊரறியச் சுவரில் எழுதினர். மழைப்பருவம் முடிந்ததும் ஊரார் கூடி, நிலத்தினுள் இருக்கும் நீர் இவ்வளவு, அடுத்த பருவத்தில் பயிரிட எண்ணியுள்ளவற்றுக்கு வேண்டுவது இவ்வளவு என்று வரவு செலவு போட்டனர். நெல்லைக் குறையுங்கள் என்று எவரும் ஆணையிடவில்லை. பற்றாக்குறை தம் கண்முன்னே எண்ணாக நின்றபோது, பலர் தாமே நீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்கு மாறினர். எல்லா ஊர்களிலும் ஒரே பயன் விளைந்தது என்று கூறுவதற்கில்லை. திட்டத்தின் உதவி நின்றபின் சில ஊர்களில் அளப்பதும் தளர்ந்தது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதன் வெற்றியைப் பற்றி ஐயமும் எழுப்பினர். ஆயினும் எழுத்தறிவு குறைந்தவர் நீரியல் கணக்கை அறியமாட்டார் என்ற பழைய எண்ணம் அங்கே பொய்த்தது.

குஜராத்தின் மேக்ரஜ் பகுதியிலும், ராஜஸ்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்திலும் 2012-ஆம் ஆண்டு முதல் இதையொத்த பணி நடந்தது. அங்கே ஊரிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பட்டவர்களுக்குப் 'பூஜல் ஜான்கார்' என்று பெயரிட்டனர். நிலத்தடி நீரை அறிந்தவர் என்பது அதன் பொருள். பதவிப் பெயர் எதுவும் இவ்வளவு நேர்த்தியாக அமைந்ததில்லை. 2020 முதல் ஏழு மாநிலங்களில் செயற்பட்ட அடல் நிலத்தடி நீர்த் திட்டத்தில், நிலத்தடி நீர் விவரங்களை மக்களறிய வெளியிடுவதையே மாநிலங்களுக்கு நிதி வழங்குவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக்கினர். வெளியிடுதல் என்பது உபசாரமாக அல்லாமல் கடமையாகக் கருதப்பட்டது இதனால் விளங்கும்.

கணக்கைப் பகிர்ந்துகொள்ள அஞ்சுவோரின் வாதத்தையும் புறக்கணிக்கலாகாது. ஆற்று நீரின் அளவு, மாநிலங்களுக்கிடையே வழக்கில் ஆயுதமாகும் என்பது அவர்கள் அச்சம். அச்சத்திற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆனால் காவிரியின் வரலாறு வேறொன்றைக் கற்பிக்கிறது. 1991-ஆம் ஆண்டின் இடைக்காலத் தீர்ப்பு, மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு வந்துசேர வேண்டிய நீரைக் குறித்தது. 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்போ, அளக்கும் இடத்தை எல்லைப்புறத்துப் பிலிகுண்டுலுவில் வைத்து, 192 டி.எம்.சி. என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. அங்குள்ள அளவு நிலையம் மத்திய நீர் ஆணையத்தினுடையது. பங்கைப் பற்றிய பிணக்கு ஓயாதிருக்கலாம். ஆனால் பிணக்குக்கு இரு தரப்பினரும் எடுத்துப் பேசும் பொது எண் ஒன்று அங்கே கிடைக்கிறது. மறைத்து வைத்த இரு கணக்குகளைக் காட்டிலும், திறந்து வைத்த ஒரு கணக்கு சண்டையைச் சுருக்கும். நாட்டெல்லையைக் கடந்து ஓடும் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகியவற்றின் ஆற்றுக் கணக்குகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள. அவற்றின் தேவையைப் பற்றி அரசாங்கம் முடிவு செய்யட்டும். பள்ளிக்கூடத்தின் பின்புறத்துக் கிணற்றின் ஆழத்தில் இராணுவ இரகசியம் ஏதுமில்லை.

பள்ளிக்கூடத்தைச் சொன்னது காரணத்தோடுதான். ஊழியர் மாறுகின்றனர், இலாகாக்களின் பெயரும் மாறுகின்றது. ஊரில் மாறாது நிற்கும் பொது இடம் பள்ளி ஒன்றே. மழைமானி ஒன்றும், நாடா ஒன்றும், தடித்த அட்டையிட்ட பதிவேடு ஒன்றும் இருந்தால், ஆசிரியர் ஒருவர் ஓர் ஊரின் நீர் வரலாற்றைத் தொடங்கிவைக்கலாம். மாணவர் எழுதும் எண்ணை விஞ்ஞானக் கணக்கில் சேர்க்கலாகாது என்று சிலர் தடை கூறுவர். சேர்க்க வேண்டுவதில்லை, அருகில் வைத்துப் பார்க்கட்டும். இலாகாவின் எண்ணும் பள்ளியின் எண்ணும் மாறுபடும் இடத்தில், சுவர் உயர்ந்ததா, சுழி பொய்யா, தேதி தவறா என்று தேடத் தோன்றும். அத்தேடல் இன்று எங்கும் நிகழ்வதில்லை. எட்டாம் வகுப்பு மாணவனுக்குச் சராசரி என்பதையும் வரைபடம் என்பதையும் கற்பிக்க, தன் ஊர்க் கிணற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு பாடப்புத்தகத்தில் கிடைப்பதும் அரிது.

இதற்குப் புதிய மையமோ புதிய கட்டடமோ வேண்டுவதில்லை. ஜனவரி அளவீட்டுக்குச் செல்லும் ஊழியர், அக்கிணற்றின் சென்ற பத்து ஜனவரிகளின் ஆழத்தையும், சுவரின் உயரத்தையும், ஊரின் எண்குறியையும் தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். அளந்து முடித்ததும் பதினோராவது எண்ணைத் தம் கையாலேயே அதன் கீழ் எழுதட்டும். தாளில் ஒரு படியைக் கிணற்றுக்கு உரியவரிடமும், ஒரு படியைத் தலைமையாசிரியரிடமும் கொடுத்துவிட்டு, "இதில் தவறேதும் உண்டா?" என்று கேட்டு, அவர்கள் கூறும் விடையைக் குறிப்புக் கட்டத்தில் பதிந்துகொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படட்டும்.